பழ மரத்து ஒட்டு முதல் கழுத்து ஃபியூஷன் வரை: எலும்பை எலும்போடு ஒட்டிய ஃப்ரெட் ஆல்பீயின் கதை

கழுத்தில் தொடங்கி, தோள்பட்டை வழியாக விரல் நுனி வரைக்கும் கரண்ட் அடிக்கிற மாதிரி ஒரு வலி. எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருக்கிறது. மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் பார்த்தாச்சு, குறையவில்லை. இப்போது கையில் பலமும் குறைகிறது. அந்தக் கட்டத்தில் டாக்டர் ஒரு வார்த்தை சொல்கிறார்: ஃபியூஷன்.

கெட்டுப்போன டிஸ்க்கை எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் எலும்பை வைத்து, மேலேயும் கீழேயும் உள்ள முள்ளெலும்புகளை ஒன்றாக ஒட்ட வைப்பதுதான் ஃபியூஷன். (கழுத்து வலி வருகிற எல்லோருக்கும் இது தேவையில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலேயே சரியாகிவிடும். அதனால் லேப்டாப்பை மூடிவிட்டுப் பயந்து உட்கார வேண்டாம்.)

வீட்டில் உடனே கிளம்புகிற கேள்விகள் இரண்டுதான். அந்த எலும்பை எங்கிருந்து எடுப்பாங்க? அது எப்போ ஒட்டும்?

இந்த இரண்டு கேள்விகளோடும் ஆயுள் முழுக்க மல்லுக்கட்டிய ஒரு மனிதர் இருக்கிறார். பெயர் ஃப்ரெட் ஆல்பீ. அமெரிக்காக்காரர். 1945-ல் இறந்தவர். இன்றைக்குக் கழுத்தில் நடக்கிற ஆபரேஷனை அவர் செய்ததில்லை. ஆனால் உடம்பின் ஓரிடத்து எலும்பை எடுத்து முதுகெலும்பில் பொருத்தலாம், அது அங்கே சேர்ந்துகொள்ளும் என்பதை மருத்துவ உலகத்துக்குப் பழக்கப்படுத்தியவர்களில் அவர்தான் முன்வரிசை.

தாத்தாவின் தோட்டம்

1876-ல் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநிலத்தில், ஆல்னா என்ற சின்ன ஊரில் பிறந்தார் ஆல்பீ. விவசாயக் குடும்பம். பழ மரங்களில் ஒட்டுக்கட்டும் வேலையைச் சின்ன வயதிலேயே தாத்தாவிடம் கற்றுக்கொண்டார்.

நம்ம ஊரில் ஒட்டு மாங்கன்று வாங்கி நட்டவர்களுக்கு இது புரியும். ஒரு மரத்தின் கிளையைச் சீவி, இன்னொரு செடியின் தண்டைக் கீறி, இரண்டின் பச்சையும் ஒன்றையொன்று தொடும்படி வைத்துக் கட்டுகிறோம். கொஞ்சம் இடைவெளி விட்டாலும் போச்சு, காய்ந்துவிடும். ஆட்டினாலும் ஒட்டாது. சரியாகப் பொருத்தி, அசையாமல் கட்டிவிட்டு, காத்திருக்கணும்.

இந்த மூன்றும்தான் பிற்பாடு அவருடைய ஆபரேஷன் தியேட்டர் விதிகளாக மாறின. ஆனால் இந்த மர உவமை ஒரு இடத்தில் அவரைத் தவறாகவும் வழிநடத்தியது. அதற்குப் பிறகு வருவோம்.

1899-ல் பௌடின் கல்லூரியில் பட்டம், 1903-ல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம். அதன் பிறகு நியூயார்க். எலும்பு, மூட்டு அறுவை சிகிச்சைதான் தன் துறை என்று முடிவு செய்துகொண்டார்.

கூன் விழுந்த குழந்தைகள்

அந்தக் காலத்து எலும்பு ஆஸ்பத்திரிகளை நினைத்துப் பார்ப்பது கஷ்டம். வார்டுகளில் நிறையக் குழந்தைகள். காரணம், முதுகெலும்பில் காசநோய். டிபி என்றால் நமக்கு நுரையீரல்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்தக் கிருமி முள்ளெலும்புக்குள் போய் உட்கார்ந்தால் அதை அரித்துக் குழியாக்கிவிடும். எலும்பு நொறுங்க நொறுங்க முதுகு முன்பக்கம் மடிந்து கூன் விழும். சிலருக்குத் தண்டுவடம் அழுத்தப்பட்டுக் கால் செயலிழந்துபோகும்.

அப்போது டிபிக்கு மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்கு இன்னும் 30 வருடங்களுக்கு மேல் இருந்தது. இருந்த ஒரே வழி, அசையாமல் வைப்பது. குழந்தையை மாவுக்கட்டுக்குள் வைத்தார்கள், இரும்புச் சட்டத்தில் படுக்கவைத்துக் கட்டினார்கள். மாதக்கணக்கில் இல்லை, வருடக்கணக்கில். அப்படியும் பல குழந்தைகளுக்குக் கூன் விழுந்தது.

வெளியே இருந்து கட்டுவதற்குப் பதிலாக உள்ளே இருந்தே கட்ட முடியாதா என்ற யோசனை ஆல்பீக்கு முன்னாலேயே வந்திருந்தது. 1891-ல் டெக்சாஸில் பெர்தோல்ட் ஹத்ரா என்ற மருத்துவர், எலும்பு முறிந்து விலகிய ஒரு நோயாளியின் கழுத்தில் முள்ளெலும்புகளின் பின்முனைகளைக் கம்பி போட்டு இழுத்துக் கட்டினார். கம்பி தளர்ந்தது. மறுபடி கட்டினார். இன்றைக்குத் திரும்பிப் பார்த்தால் அந்த ஒரு கேஸிலேயே பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. கம்பியோ தட்டோ திருகோ, உலோகம் எதுவும் நிரந்தரக் காவல் கிடையாது. எலும்பு சேர்கிற வரைக்கும் பிடித்துக்கொள்கிற கை அது, அவ்வளவுதான். எலும்பு சேரவில்லை என்றால் ஒருநாள் உலோகம்தான் தளரும், இல்லை உடையும்.

ஒரே வருடம், ஒரே ஊர், இரண்டு பேர்

1911-ல் இந்தச் சிக்கலுக்கு நியூயார்க்கிலேயே இரண்டு பேர் விடை கண்டுபிடித்தார்கள். ஒருவர் ரஸ்ஸல் ஹிப்ஸ், இன்னொருவர் ஆல்பீ. ஹிப்ஸின் கட்டுரை மே மாதம் வெளியானது. ஆல்பீயுடையது செப்டம்பரில். சில மாத வித்தியாசம்தான். யார் முதல் என்று கேட்டால், அச்சில் ஹிப்ஸ்தான்.

இரண்டு பேரின் வழியும் வேறு. ஹிப்ஸ், முள்ளெலும்பின் பின்பக்கத்தில் இருக்கும் எலும்பையே சின்னச் சின்ன செதில்களாகச் சீவி, பக்கத்து எலும்பின் மேல் மடித்துப்போட்டார். எல்லாம் சேர்ந்து ஒரே பாளமாக ஒட்டிக்கொள்ளும். ஆல்பீ போனது தோட்டக்காரன் வழி. முழங்காலுக்குக் கீழே, கையால் தடவினால் தோலுக்கு அடியிலேயே தட்டுப்படுமே, அந்த முன்னெலும்பில் இருந்து நீளமான ஒரு துண்டை வெட்டி எடுத்தார். முதுகில் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளெலும்பு முனைகளை நெட்டுக்குப் பிளந்து, அந்தப் பிளவுக்குள் துண்டைச் செருகித் தைத்தார். கிளையைக் கீறி ஒட்டு வைப்பதேதான், மரத்துக்குப் பதில் முதுகு.

கால் எலும்பில் துண்டு வெட்டினால் நடக்க முடியாமல் போகாதா? போகாது. முழு எலும்பையும் எடுப்பதில்லை, ஒரு பக்கத்தில் இருந்து பட்டை மாதிரி ஒன்றை மட்டும். அந்தப் பள்ளம் நாளடைவில் தானே நிரம்பிவிடும். அதுதான் எலும்பின் விசேஷம். தோல் வெட்டுப்பட்டால் தழும்பு வரும். எலும்பு காயப்பட்டால் எலும்பே வரும்.

ஆனால் வெட்டுவதில் ஒரு பிரச்சினை இருந்தது. அதுவரை அறுவை மருத்துவர்கள் கையில் இருந்தது உளியும் சுத்தியலும். அதை வைத்து வெட்டினால் விளிம்பு பிசிறடிக்கும், விரிசல் விடும், வைக்கிற இடத்தில் சரியாக உட்காராது. ஒட்டு வேலையில் இடைவெளி கூடாது என்பது அவருக்குத் தாத்தா காலத்துப் பாடம் ஆச்சே! அதனால் மின்மோட்டாரில் ஓடும் இரட்டை ரம்பம் ஒன்றை உருவாக்கினார். இரண்டு வட்ட ரம்பங்கள், நடுவில் வேண்டிய அளவு இடைவெளி. அதே இடைவெளியில் பள்ளமும் வெட்டலாம், அதில் உட்காரும் துண்டும் வெட்டலாம். எலும்பிலேயே ஆணி, எலும்பிலேயே திருகு கடைந்தெடுக்கும் வசதியும் சேர்ந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குள் ஒரு ஆசாரிப் பட்டறையே வந்துவிட்டது என்று சொல்லலாம். அதற்கு எலும்பு மில் என்றே பெயர்.

1915-ல் எலும்பு ஒட்டு அறுவை சிகிச்சை பற்றி அவர் எழுதிய புத்தகம் வெளியானது. அப்போது அவருக்கு வயது 39.

ஆல்பீ தவறிய இடம்

ஒட்டு வைத்த கிளை, அதே கிளையாக உயிரோடு இருந்து துளிர்க்கும். ஒட்டு வைத்த எலும்பும் அப்படித்தான் உயிரோடு இருக்கும் என்று ஆல்பீ நம்பினார். அந்தக் காலத்தில் இது பெரிய சண்டை. இன்னொரு தரப்பு, வைத்த எலும்பு செத்துவிடும், பக்கத்து எலும்புதான் ஊர்ந்து வந்து அந்த இடத்தைப் பிடிக்கும் என்றது.

இன்றைய விடை, பெரும்பாலும் இரண்டாவது தரப்பின் பக்கம். எடுத்து வைத்த எலும்புக்கு ரத்த ஓட்டம் அறுந்துபோகிறது. மேற்பரப்பில் இருக்கும் கொஞ்சம் செல்கள் பிழைக்கலாம், உள்ளே இருப்பவை பெரும்பாலும் இறந்துவிடும். ஆனால் அந்தச் செத்த எலும்பு வீண் இல்லை. கட்டடம் கட்டும்போது சாரம் கட்டுவோமே, அந்த மாதிரி நிற்கிறது. பக்கத்து எலும்பில் இருந்து புது ரத்தக் குழாய்கள் அதற்குள் நுழைகின்றன. ஒரு வகை செல் பழைய எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. பின்னாலேயே வரும் இன்னொரு வகை செல் புது எலும்பைப் போட்டுக்கொண்டே போகிறது. தின்பதும் கட்டுவதும் ஒரே நேரத்தில். சாரத்தைத் தின்றே சுவர் எழும்புகிறது.

இது ஏதோ பழைய ஆராய்ச்சிச் சண்டை என்று தாண்டிப் போய்விட வேண்டாம். ஃபியூஷன் செய்துகொண்ட எல்லோருக்கும் இதில் சொந்த அக்கறை இருக்கிறது. வைத்த எலும்பு அப்படியே பசை போல ஒட்டிக்கொள்வது என்றால், சில வாரங்களில் வேலை முடிந்திருக்கும். அது தின்னப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுவதால்தான் மாதங்கள் ஆகின்றன. அந்த மாற்றம் நடக்கும் நடுக்காலத்தில் ஒட்டு முழு பலத்தில் இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கத்தில் தவறினாலும் ஆல்பீயின் கைவேலை சரியாகவே இருந்தது. நெருக்கமான பொருத்தம், அசைவில்லாத பிடிப்பு. சாரம் கட்டுவதற்கும் அதுதானே வேண்டும்!

போர், பட்டறை, திரும்பி வருதல்

1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போருக்குள் இறங்கியது. எலும்பு சிதைந்து திரும்பும் சிப்பாய்களுக்காக நியூஜெர்சி மாநிலத்தின் கொலோனியாவில், ஆல்பீயின் வீட்டுக்குப் பக்கத்திலேயே ராணுவத்தின் மூன்றாம் எண் பொது மருத்துவமனை எழுந்தது. அறுவை சிகிச்சைக்குத் தலைமை அவர்தான். 1918, 1919 என்று சுமார் ஒன்றரை வருடம்தான் அது இயங்கியது.

அவருடைய வாழ்க்கையில் எனக்கு ரம்பத்தைவிடவும் முக்கியமாகப் படுவது இந்த இடம். எலும்பை ஒட்டி அனுப்பினால் போதாது, அந்த ஆள் திரும்பப் போய் ஒரு வேலையில் உட்கார்ந்தால்தான் சிகிச்சை முடிந்தது என்ற பார்வை அங்கே இருந்தது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே பட்டறைகள். கட்டுப் பிரித்த கைகளுக்கு அங்கேதான் பயிற்சி. போர் முடிந்த பிறகும் அவர் இதை விடவில்லை. தொழிற்சாலை விபத்துகளில் ஊனமானவர்களுக்காக நியூஜெர்சி அரசு அமைத்த மறுவாழ்வு ஆணையத்துக்கு நீண்ட காலம் தலைவராக இருந்தார்.

ஃபுளோரிடாவில் நிலம் வாங்கி வெனிஸ் என்ற நகரத்தைத் திட்டமிட வைத்தது, அதை ரயில் எஞ்சின் டிரைவர்கள் சங்கத்துக்கு விற்றது, 1933-ல் அங்கேயே ஒரு மருத்துவமனை தொடங்கியது என்று அவருடைய பிற்பகுதி வாழ்க்கை தனி சினிமா. அதை இங்கே தொட்டுவிட்டுப் போகிறேன். 1943-ல் சுயசரிதை எழுதினார். 1945 பிப்ரவரியில் காலமானார். வயது 68.

டிபியில் இருந்து டிஸ்க்குக்கு

எந்த நோய்க்காக ஆல்பீ அந்த ஆபரேஷனை உருவாக்கினாரோ, அந்த நோய்க்கு இன்றைக்குப் பெரும்பாலும் ஆபரேஷனே தேவைப்படுவதில்லை. மாத்திரைதான். அதை உறுதிப்படுத்திய முக்கியமான ஆய்வுகளில் ஒன்று நடந்தது நம்ம சென்னையில், சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில். முதுகெலும்பு டிபி நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு மருந்தோடு ஆபரேஷன், இன்னொரு பிரிவினருக்கு மருந்து மட்டும், படுக்கை ஓய்வுகூட இல்லாமல். மருந்து மட்டும் எடுத்தவர்களும் நன்றாகவே தேறினார்கள். அவர்களை 10 வருடம் தொடர்ந்து கவனித்த அறிக்கை 1999-ல் வெளியானது. இப்போதும் நரம்பு அழுத்தம், மோசமான கூன் போன்ற நிலைகளில் ஆபரேஷன் உண்டு. ஆனால் டிபி என்றாலே கத்தி என்ற காலம் போய்விட்டது.

ஃபியூஷன் மட்டும் போகவில்லை, வேறு நோய்களுக்கு இடம் மாறிக்கொண்டது. ஆல்பீ இறந்து பத்து வருடம் கழித்து, 1955-ல், பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ராபர்ட் ராபின்சனும் ஜார்ஜ் ஸ்மித்தும் கழுத்தின் முன்பக்கம் வழியாகப் போய், டிஸ்க்கை எடுத்துவிட்டு, இடுப்பெலும்பில் இருந்து எடுத்த துண்டை அங்கே வைத்தது பற்றி எழுதினார்கள். 1958-ல் ஹவாயில் இருந்த ரால்ஃப் க்ளோவர்ட், வட்டமாகத் துளையிட்டு அதில் உருளை வடிவ எலும்பைச் செருகும் தன்னுடைய முறையை வெளியிட்டார்.

முன்பக்கம் ஏன்? தொண்டைத் தசைகளை வெட்டாமல், மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் ஒரு பக்கம் நகர்த்திப் பிடித்துக்கொண்டே டிஸ்க் வரைக்கும் போய்விடலாம். தண்டுவடத்தைத் தொட்டு நகர்த்தவும் வேண்டாம். இன்னொரு லாபமும் உண்டு. தலையின் எடை, கிட்டத்தட்ட நாலரை ஐந்து கிலோ, அந்த எலும்புத் துண்டின் மேல் நேராக இறங்குகிறது. அளவான அழுத்தம் கிடைக்கிற இடத்தில்தான் எலும்பு நன்றாக வளரும் என்பதை ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே சொல்லிவிட்டார். ஆல்பீயும் அதை நம்பியவர்.

இப்போது எலும்பு எங்கிருந்து வரும் என்ற முதல் கேள்வி. உங்கள் இடுப்பெலும்பில் இருந்தே எடுக்கலாம். உயிருள்ள செல்லும் சாரமும் ஒன்றாகக் கிடைப்பது இதில்தான். குறை என்னவென்றால், கழுத்தைவிட இடுப்பு அதிகம் வலிக்கிறது என்று சொல்கிற நோயாளிகள் நிறையப் பேர். இறந்தவர்களிடம் தானமாகப் பெற்றுச் சுத்திகரித்துச் சேமித்த எலும்பையும் வைக்கலாம். அது சாரமாக மட்டும் நிற்கும், உயிர் உங்கள் உடம்பில் இருந்துதான் வரணும். பல இடங்களில் இன்று டைட்டானியம் அல்லது பீக் என்ற பிளாஸ்டிக் வகையில் செய்த சின்னக் கூண்டை வைக்கிறார்கள். பலமுறை அதன் நடுவில் ஓட்டை விட்டு எலும்புத் துகளை நிரப்புவார்கள். முன்னால் ஒரு தட்டும் திருகுகளும் போடுவதுண்டு. எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் பிஎம்பி என்ற புரதமும் இருக்கிறது. ஆனால் கழுத்தில் அதைப் பயன்படுத்தியபோது வீக்கம் வந்து மூச்சுக்கே ஆபத்தான சம்பவங்கள் நடந்ததால், 2008-ல் அமெரிக்க எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது.

வலி போனது, எலும்பு சேர்ந்ததா?

இரண்டாவது கேள்வியில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் கை வலி காணாமல் போயிருக்கலாம். சில வாரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்ற நினைப்பு வந்துவிடும். ஆனால் போனது நரம்பு வலி. டிஸ்க்கை எடுத்ததால் அழுத்தம் விலகியது, வலி போனது. எலும்பு வேலை இன்னும் முடியவில்லை. அது சேர பொதுவாக 3 முதல் 6 மாதம், சிலருக்கு ஒரு வருடம் வரை. தலைகீழாகவும் நடக்கும். வலி போனாலும் மரத்துப்போன உணர்வும் பலக்குறைவும் மாதக்கணக்கில் இழுக்கும். அதற்காக ஆபரேஷன் தோல்வி என்று அர்த்தமில்லை.

முதல் சில நாட்களுக்கு விழுங்குவது சிரமமாக இருக்கும், குரல் கம்மும். உணவுக்குழலை நகர்த்திப் பிடித்ததன் விளைவு அது, பெரும்பாலும் தானாகச் சரியாகும். ஆனால் மூச்சுத் திணறல், கழுத்தில் வேகமாக வீங்குவது, காய்ச்சல், காயத்தில் சீழ், கை கால் பலம் திடீரென்று குறைவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, இதில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

ஆல்பீ காலத்து நோயாளி ஒட்டு வைத்த பிறகும் வாரக்கணக்கில் படுத்தே கிடக்கணும். இப்போது பெரும்பாலும் அன்றைக்கே, இல்லை மறுநாளே நடக்க வைக்கிறார்கள். தட்டும் திருகும் தந்த சௌகரியம் அது. காலர் போடணுமா, எத்தனை வாரம், பைக் எப்போ, ஜிம் எப்போ என்பதெல்லாம் எத்தனை எலும்பைச் சேர்த்தார்கள், எப்படிப் பிடிப்புப் போட்டார்கள் என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். அதை உங்கள் சர்ஜனிடம்தான் கேட்கணும், பக்கத்து வீட்டு அனுபவம் பொருந்தாது.

சிகரெட் விஷயத்தில் மட்டும் விதிவிலக்கு கிடையாது. நிகோட்டின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புது ரத்தக் குழாய் நுழையவில்லை என்றால் சாரம் சாரமாகவே நிற்கும், எலும்பு வராது. ஆபரேஷனுக்கு முன்னாலும் பின்னாலும் நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் இதுதான். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் இதே வேலையைச் செய்யும். சில வகை வலி மாத்திரைகளும் ஒட்டுதலைத் தாமதப்படுத்தலாம் என்பதால், மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடாமல் கேட்டுப் போடுங்கள்.

கழுத்து திரும்பாமல் போய்விடுமோ என்ற பயமும் இருக்கும். தலையைத் திருப்புவதில் ஏறக்குறைய பாதி வேலையைச் செய்வது மேலே இருக்கும் முதல் இரண்டு முள்ளெலும்புகள். டிஸ்க் பிரச்சினை அதிகம் வருவது கீழே, ஐந்தாவதில் இருந்து ஏழாவது வரை. அங்கே ஒரு இடம் மட்டும் சேர்ந்தால் பலருக்கு வித்தியாசமே தெரிவதில்லை. இரண்டு மூன்று இடம் என்றால் தெரியும். அசைவு நின்ற இடத்துக்கு மேலும் கீழும் இருக்கும் டிஸ்க்குகள் கூடுதல் வேலை செய்வதால், வருடங்கள் கழித்து அங்கே தேய்மானம் வருவதும் உண்டு.

சேர்ந்ததா இல்லையா என்பதைப் பார்க்க டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். சில நேரம் தலையைக் குனிந்து ஒன்று, நிமிர்த்தி ஒன்று. இரண்டு படத்திலும் அந்த இரண்டு எலும்புகளுக்கு நடுவே அசைவு இருக்கக் கூடாது. நடுவில் இருந்த கறுப்புக் கோடு மறைந்து, மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக ஒரு பாலம் தெரியணும். சந்தேகம் இருந்தால் சிடி ஸ்கேன். அடுத்த முறை ரிவ்யூவுக்குப் போகும்போது அந்தப் பாலத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.